அறுபத்தொன்று

காலை ஐந்தரைக்குத் தொடங்கும் என் வேலை.
கோடு போட்ட தாள், இரண்டு பென்சில்,
பள்ளிப் பிள்ளைகளின் ரப்பர் ஒன்று.
மசெருவில் ஆளுங்கூட்டணியின் கொறடா நான்.
நூற்றிருபது நாற்காலி உள்ள சபையில்
அறுபத்தொரு பெயர்களை எழுதிப்
பிரதமர் வீட்டுக் கதவிடுக்கில் செருகுவேன்.
பேனாவால் எழுதியதில்லை
ஒருநாளும்.

அவர் பெயர் மமெல்லோ.
எங்கள் மொழியில் பொறுமை என்று பொருள்.
தவளைகளைத் தராசில் நிறுக்கும் உத்தியோகம்
தொட்டிலில் கிடப்பவளுக்குக் காத்திருப்பது
பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஐந்து கட்சிகள்.
நீர்த்துறையை அடம்பிடித்து வாங்கியவர்
இன்னும் அணையைப் பார்க்கவில்லை,
பார்ப்பதற்கு ஹெலிகாப்டர் கேட்கிறார்.
இருவர் கட்சியில்
இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
தனித்தனியாகப் போன் செய்கிறேன்,
ஒருவர் சரி என்றதை
மற்றவருக்குச் சொல்லாமல்.
அப்புறம் மொகெத்தி. தனியாள்.
கட்சி, பொதுக்குழு, பொருளாளர்,
கோபம் வந்தால் பிளவு,
எல்லாம் அவரே.

வியாழக்கிழமை நம்பிக்கையில்லாத் தீர்மானம்.
ஜூன் பனியில் மொட்டெங் கணவாய் மூடிக் கிடக்க,
ஒரு சாவுக்குப் போன மொகெத்தி
மலைக்கு அந்தப் பக்கம்.

போனில் சொன்னார்:
"வருகிறேன். குதிரை இருக்கிறது.
ஆனால் ஒன்பதாம் பிரிவை எடுத்துவிடுங்கள்."

ஒன்பதாம் பிரிவு
மலைக் கிராமங்களுக்குக் குதிரையில் போகும்
நாற்பது செவிலியர்.
அரசியலுக்கு வருமுன்
மமெல்லோ அப்படிப் போனவர்.
சேணம் உரசிய தழும்பு முழங்காலில் உண்டு.
இந்த நாற்பதுக்காகத்தான்
மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்,
துறை துறையாக,
பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்தப் பணத்தில் சாலை போடுங்கள்" என்றார் மொகெத்தி.
பேரம் என்று நினைத்தேன்.
அவர் மைத்துனர் ஒப்பந்தக்காரரா என்று
விசாரிக்கக்கூட ஆள் அனுப்பினேன்.

பிரதமர் ரிசீவரை வாங்கினார்.
"யாருடைய சாவு?" என்று கேட்டார்.
எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி.

"அண்ணன் மகள். தலைப்பிரசவம்.
தாதி வந்தாள் அம்மா,
குதிரையில்தான் வந்தாள், நேரத்துக்கு வந்தாள்,
ரத்தம் நிற்கவில்லை என்று சொல்லவும் செய்தாள்.
ஆம்புலன்ஸ் வரத்தான்
வழி இல்லை."

கோடைக்கால ஓடையில் தண்ணீர் வற்றுவதுபோல
அறை சத்தமிழந்தது.
மமெல்லோ என் ரப்பரைக் கேட்டார்.
வரைவில் நாற்பது என்ற எண்ணைத்
தானே அழித்தார்.
கருப்புத் துகள்களை ஊதவில்லை,
உள்ளங்கையில் கூட்டி எடுத்துக்கொண்டார்.

வியாழன் நண்பகல். மணி அடித்துவிட்டது.
கதவு சாத்துமுன் உள்ளே வந்தார் மொகெத்தி,
போர்வையில் பனி உருகிச் சொட்ட.
எதிர்வரிசையில் ஒருவர் மூக்கைப் பொத்தினார்.
குதிரை வாடை
அந்த மண்டபத்தில் அன்றுதான்
உண்மையாக ஏதோ ஒன்று நுழைந்த மாதிரி இருந்தது.
ஐம்பத்தொன்பதுக்கு அறுபத்தொன்று.
மேசைகளைத் தட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

மமெல்லோ தட்டவில்லை.
மொகெத்தி அருகில் போய்க் குனிந்து
என்னவோ கேட்டார்.
வெளியே வந்தபின் அவரிடம் விசாரித்தேன்.
"குழந்தை பிழைத்ததா என்றார்" என்றார்.
அதற்கு என்ன பதில் சொன்னார் என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.
நீர்த்துறை அமைச்சர்
என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

இன்று வெள்ளி. ஐந்தரை.
இருவர் கட்சியில் ஒருவர்
இரவோடு இரவாகப் போன் செய்தார்:
சாலை தன் தொகுதி வழியாகப் போகாவிட்டால்
திங்கட்கிழமை அவர் அந்தப் பக்கம்.

அறுபது பெயர் எழுதியாயிற்று.
கணவாய் அடிவாரத்தில்
யாரோ ஒருவருடைய கொட்டிலில்
மொகெத்தியின் குதிரை இன்னும் நிற்கிறதாம்,
பனி விலகட்டும் என்று.

பென்சிலைச் சீவுகிறேன்.