அரை அங்குலப் பலகை

ரிஸ்மி கடைக் கண்ணாடி மேசையில் இரண்டு சார்ஜர்.
ஒன்றுக்குத் தீப்பெட்டிக் கனம்கூட இல்லை.
சிவப்பு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் முடிந்தது,
அதற்குமேல் அது எதுவும் பேசாது.
ஆயிரத்து எண்ணூறு.
மற்றதை வாங்கினால் கை கொஞ்சம் இறங்குகிறது.
சின்னத் திரை, நாலு பொத்தான்,
மூச்சுவிடப் பக்கத்தில் ஒரு காற்றாடி.
பதினாலாயிரத்து ஐந்நூறு.

"ஓடப்போறது விளையாட்டுக் கார்தானே" என்றான் ரிஸ்மி,
மலிவானதை என் பக்கம் தள்ளி.
ஹட்டன் தெருவில் மழை சாய்ந்து பெய்தது.

விலையைப் பார்க்கவில்லை என்றால் பொய்.
பெக்டரியில் இரவுக்கு டிரையர் அடுப்பில் விறகு தள்ளுகிறவன் நான்.
பதினாலாயிரத்தை வேலை நாளாக மாற்றிப் பார்த்தேன்,
பத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.
அந்தச் சல்லிக்குப் புது மோட்டார் வரும்.
கிளப்பின் வெடித்த டென்னிஸ் தரையில்
நிஷாந்தவின் நீலக் காரை ஒரு ஞாயிறாவது முந்தலாம்.

லிப்போ பேட்டரி சவர்க்காரக் கட்டி அளவுதான்.
உள்ளே இரண்டு செல்.
ஒவ்வொன்றும் நாலு தசம் இரண்டு வோல்ட் வரை குடிக்கும்,
அதற்குமேல் ஒரு சொட்டும் ஆகாது.
ஆனால் இரண்டுக்கும் ஒரே பசி இல்லை.
பச்சை விளக்குக்காரன் கூட்டுத்தொகை மட்டும் பார்ப்பான்:
எட்டு தசம் நாலு, சரி, போ.
எவன் வயிறு வெடிக்கப்போகிறது என்று கேட்கமாட்டான்.

போன மாசி மாதம் கீழ்ப்பிரிவு ரெஜினோல்டின் பேட்டரி
மெத்தைமேல் வைத்தபடி பணியாரமாய் உப்பியது.
கானில் வீசினான். தண்ணீருக்குள்ளும் புகைந்தது.
இனிப்பான ஒரு வாடை,
இரண்டு நாளாய் மூக்கைவிட்டுப் போகவில்லை.

ரிஸ்மி தனிவீட்டுக்காரன்.
எங்கள் லயத்தில் எட்டுக் காம்பரா, எட்டுக்கும் ஒரே தகரம்.
நான் சார்ஜ் போடும் மூலைக்கு அந்தப் பக்கம்
புஷ்பகாந்தியின் பிள்ளைக்கு நாற்பது நாள்.
நடுவில் பலகை.
கடையில் நின்றே கட்டைவிரலால் அளந்து பார்த்தேன்:
அரை அங்குலம், பூச்சி தின்றது போக.

பிறகு ரிஸ்மியைப் பாடாய்ப் படுத்தினேன்.
லிப்போவுக்குத் தனித் தெரிவு உண்டா?
பேட்டரியின் வெள்ளைக் குட்டிப் பிளக்குக்கு இடம் இருக்கா?
சூடேறினால் தானாய் நிற்குமா?
ஸ்டிக்கரில் எழுத்துப் பிழை இருக்கா என்று
வெளிச்சத்தில் திருப்பினேன், போலிக்கு அது வழக்கம்.
அவன் கொழும்புக்கு இரண்டு கோல் எடுத்தான்.
"கட்டிக் குடு" என்றேன், பெரியதைக் காட்டி.
மோட்டார் தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்.

இரவு வேலை இல்லாத நாளில் மட்டும்தான் சார்ஜ்.
மெத்தையில் இல்லை, சிமெந்துத் தரையில்,
மணல் பரப்பிய மண்சட்டிக்குள் பேட்டரி.
மலைக்குளிர் அதன் உடம்பைவிட்டு இறங்க அரை மணி நேரம்.
ஐந்து அம்பியர் போடலாம். மூன்றுதான் போடுவேன்.
"காருக்கு இவ்வளவு காவல்" என்று
யோகேஸ்வரி திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

மூன்று தசம் எட்டு ஒன்று.
மூன்று தசம் எட்டு நாலு.
முந்துகிற செல்லை மெல்லப் பிடித்து வைத்து
பிந்தியதை அழைத்து வருகிறது.
கிரிக்கெட் ஸ்கோர்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

ஒன்பதரைக்கு லயம் முழுக்கப் பல்பு மஞ்சளாகிறது.
யாரோ தண்ணீர் சுடவைக்கிறார்கள்.
திரை சிமிட்டுகிறது, எச்சரிக்கிறது, நிற்கிறது.
கரண்ட் சரியான பிறகும்
நான் அழுத்தும்வரை அசையவில்லை.
இந்த அசையாமைக்குத்தான் அந்தச் சல்லி.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முந்தி நீளமாய் ஒரு பீப்.
பிளக்கைக் கழற்றுகிறேன்.
பலகைக்கு அந்தப் பக்கம்,
பிள்ளையை எழுப்பாத குரலில் புஷ்பகாந்தி:
"முடிஞ்சிருச்சா?"
"முடிஞ்சிருச்சு."

பலகை இடுக்கில் இதுவரை நின்ற
வெளிச்சக் கீற்று அணைகிறது.