மூன்று வோல்ட்

மூஞ்சிக்கல் இறக்கத்தில் கடை.
கீசர் காயில், ஹீட்டர் கம்பி,
இடிக்குப் பயந்து செத்த இன்வெர்ட்டர்.
இவைதான் என் வயிற்றுப்பாடு.

நாயுடுபுரத்தில் பங்களா வாங்கிய அபிநந்தன் சார்
ஒரு மதியம் சூட்கேஸோடு வந்தார்.
நாற்பத்தொரு கேசட்டுகள்.
டிவியில் மாட்டி ஆடும் மெஷினுக்கானவை.
ஒவ்வொன்றும் தனி உறைக்குள்,
உறைக்குள் ஈரம் குடிக்கும் பொட்டலம்.
கொடைக்கானல் ஈரத்தை அவர் நம்பவில்லை. சரிதான்,
என் சுவரில் மாதா காலண்டருக்கே பூஞ்சை.

"உள்ள பேட்டரி இருக்கு பிரகாசி,
கசிஞ்சா போர்டு போயிரும். எல்லாத்தையும் மாத்திரு.
ஆனா ஆன் பண்ணாத.
செருகுனா பின்ல கீறல் விழும். விலை விழுந்துரும்."

நீங்க ஆடியிருக்கீங்களா சார், என்றேன்.
சிரித்தார்.
"இதுல சிலது உலகத்துலயே இருநூறு பேர்ட்டதான் இருக்கு."
கேட்டதற்கு அது பதிலில்லை.
ஆள் பொய்யும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு வரை ஒழுங்காகத்தான் இருந்தேன்.
அடுத்தது நீலம். முதுகில்
யாரோ காம்பஸ் முனையால் கீறிய மீன்.
மீட்டர் வைத்தேன்: இரண்டு புள்ளி நான்கு.

கேசட்டுக்கு எதற்கு பேட்டரி?
ஆடியவர் விட்ட இடத்தை மறக்காமலிருக்க.
கழற்றினால் அந்த இடம்
கழற்றிய நொடியில் இல்லாமல் போகும்.
முப்பத்தெட்டுப் பேரை
ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றியிருக்கிறேன்
என்பது மீனைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஷட்டரை முக்கால் இறக்கினேன்.
ரிப்பேருக்கு வந்து, கேட்க ஆள் வராத மெஷின் ஒன்று
பரண்மேல் கிடந்தது.

திரையில் பனி.
லாந்தரோடு ஒரு சின்னப் பெண்.
மேலே பெயருக்கு மூன்றே எழுத்து: எம், ஏ, என்.
மணிமாறனா, மன்சூரா, மனோரஞ்சிதமா?
அறுபத்தொரு மணி நேரம் ஆடியிருக்கிறது அந்த ஆள்.
மிச்சம் ஓர் உயிர்.
எதிரே ஒரு கதவு.
அந்த நேரத்தில்தான்
ஹாஸ்டல் மணி அடித்திருக்க வேண்டும்,
அல்லது வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்திருக்க வேண்டும்,
அல்லது சும்மா, பசித்திருக்கும்.

எட்டு முறை செத்தேன்.
கட்டைவிரல் கன்றிப்போனது.
மேகம் ஷட்டருக்கடியில் நுழைந்து
ஸ்டூல் காலைச் சுற்றிக்கொண்டது.
இரண்டு முறை கரண்ட் போனது,
இரண்டு முறையும் அந்தப் பெண்
அதே பனியில், அதே கதவின் முன்,
லாந்தர்கூடக் கை மாற்றாமல் நின்றிருந்தாள்.

ஒன்பதாவதில் திறந்தது.
உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு கிணறு, அதற்குள் இறங்க ஏணி.
இவ்வளவுக்குமா என்று வாய்விட்டுச் சிரித்தேன்.
எதிர்க்கடை வர்க்கி மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சேமிக்கவா, என்று கேட்டது.
அடுத்தவர் டைரியில் ஒரு வரி எழுதுகிற கூச்சம்.
எழுதினேன்.

அப்புறம் வேலை.
பழைய பேட்டரிக்குப் பக்கவாட்டில்
வெளியிலிருந்து மூன்று வோல்ட் கொடுத்தபடி,
தூங்கும் குழந்தைக்குத் தலையணை மாற்றுவதுபோல
மாற்றினேன்.
கண்ணை மூடிக்கொண்டு ஆன் செய்தேன்.
எம், ஏ, என்.
ஏணியின் முதல் படி.

மிச்சம் இரண்டையும் திறந்தேன்.
பெயரே இல்லை, யாரும் ஆடியதில்லை.
சூட்கேஸிலேயே விலை கூடினவை அவைதானாம்.

சனிக்கிழமை சார் லென்ஸோடு வந்தார்.
"ஆன் பண்ணலையே?"
"பண்ணல சார்."
நீலத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பதுக்குத்தான் காசு வாங்கினேன்.
"ஒண்ணு குறையுதே."
"அதுல எனக்கு வேல இல்ல சார்."

இப்போது அது பங்களாவில்,
ஈரம் உறிஞ்சும் மிஷின் ஓடுகிற அறையில்,
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.
என்றைக்காவது அந்த எம்.ஏ.என். தேடி வந்து
மாட்டிப் பார்த்தால்,
எவடி என் ஆட்டத்தை ஆடியது என்று
கத்தக்கூடும்.

கத்தட்டும்.
கிணறு எவ்வளவு ஆழம் என்று
நானும் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.