பத்தொன்பது நடைகள்

ஊரின் பெயர் வூச். எங்கள் மொழியில் படகு.
ஆறுகளைக் குழாய்க்குள் இறக்கி
மேலே தெரு போட்டுவிட்டார்கள் ஆலைக்காரர்கள்.
போலந்தின் நடுவில் நிற்கிறது படகு மட்டும்.

என் பள்ளி, நடை சாத்திய நூற்பாலையின்
மூன்றாம் மாடி.
இயந்திரங்களைப் பிடுங்கிய போல்ட் குழிகளில்
குதிகால் சிக்காமல் போவது முதல் பாடம்.
முப்பத்தொரு மீட்டர். போ, நில், திரும்பு, வா.
லிஃப்ட் வேலை செய்யாது. நல்லதுதான்.
படியேறி வரும் சத்தத்திலேயே
ஆளைச் சொல்லிவிடுவேன்.

பதினேழு வயதில் சந்தையில் வைத்து என்னை அளந்தார்கள்,
கையில் பீட்ரூட் பையோடு.
மிலானில் ஆறு வருடம்.
அங்கே ஓர்னெல்லா என்றொருத்தி
என் இடுப்பில் இரண்டு விரல் வைத்து
"இங்கே ஒரு குடியானவச்சி இருக்கிறாள்,
வெளியே அனுப்பு" என்றாள்.
அனுப்பினேன்.
எங்கே போனாள் என்று விசாரிக்கவில்லை.
பிறகு ஒரு கணுக்கால், அதில் இரண்டு திருகாணி.
ஊர் திரும்பி அதையே தொழிலாக்கிக்கொண்டேன்,
அடுத்தவர் இடுப்பிலிருந்து ஆட்களை வெளியேற்றுவதை.

இருபத்தாறு வருடம்.
சுவாவ்கியிலிருந்து வந்த யாக்னாவின் பாதத்திலிருந்து
பனிக்கட்டியை எடுத்தேன்.
நதானியேலின் தோளிலிருந்து அவன் அப்பாவை.
பாரிஸில் நடந்தார்கள், ஷாங்காயில் நடந்தார்கள்.
ஒரே ஆள் பலமுறை போய் வந்ததுபோல் இருந்தது.
அதற்குத்தான் கூலி.

இந்த நவம்பரில் கஸ்பெர் என்று ஒருவன் வந்தான்,
உடை வடிவமைப்பாளன், காதில் ஊக்கு.
மாடல்கள் வேண்டாமாம்.
டிராம் ஓட்டுநர், மருந்துக்கடைக்காரி,
மீன் வெட்டுகிறவர், பல் டாக்டர், இப்படிப் பத்தொன்பது பேர்.
"மூன்று வாரம் பயிற்சி கொடுங்கள்,
நடையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்."
சிரித்தேன்.
முன்பணத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாளே பத்தொன்பது பேரும்
வீடியோ பார்த்துப் பழகிய இடுப்போடு வந்து நின்றார்கள்.
ஐயோ.
உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கச் சொன்னேன்.
"கடைசி டிராம் போகிறது" என்று கத்தினேன்.
மருந்துக்கடை போஜெனாவிடம் ஆறாத கணக்கு ஒன்றைக் கிளறிவிட்டேன்,
கொழுந்தனுக்குக் கொடுத்த கடன்.
கோபத்தில் நடந்தாள். அதுதான், அதுதான்!
டிராம்காரர் ஜெனோன் எங்கே நிற்பதானாலும்
இடது காலால் ஒரு பிரேக் போட்டுவிட்டுத்தான் நிற்பார்.
பழைய கை அவர் காலை நோக்கிப் போனது.
என் பையிலேயே அதைப் போட்டு அடைத்தேன்.

"இருபதாவதாக நீங்களும் நடங்களேன்" என்றான் கஸ்பெர்.
நடந்தேன்: ஓர்னெல்லா வந்தாள்.
திரும்பவும் நடந்தேன்: நான் கற்றுக்கொடுத்தது வந்தது.
மூன்றாம் முறை யாக்னா, அவளுடைய தட்டைப் பாதம்,
எட்டு மாதப் பனி.
நான்காம் முறை கிளம்பவில்லை.

அன்னநடை பழகப்போய்த் தன்நடை கெட்ட காகத்தை
எல்லோரும் கேலி செய்தாயிற்று.
பாடம் சொன்ன அன்னத்தை யாரும் கேட்டதில்லை,
நீந்துகிற பறவையே,
உனக்கு நடக்க வருமா என்று.

நிகழ்ச்சியன்று திரைக்குப் பின்னால்
வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.
முகவாய், தோள், முட்டி,
எல்லாம் தொண்டை வரை வந்து திரும்பிப் போயின.
மேடை நுனியில் ஜெனோன் பிரேக் போட்டார்.
முன்வரிசையில் ஒரு பெண்
தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ரசீதில் 'வேலை விவரம்' என்று ஒரு கட்டம்.
எழுதினேன்: நடைகள், பத்தொன்பது. கெடுக்கப்படவில்லை.
வரித்துறை ஏற்காது என்று கணக்கர் திருப்பி அனுப்பினார்.
'ஆலோசனை' என்று மாற்றிவிட்டு
விளக்கணைத்தேன்.
ஆலை காலி. படிக்கட்டில் ஒரே ஒரு சத்தம்,
என்னோடு இறங்குகிறது.
காது கொடுத்துக்கொண்டே இறங்கினேன்.
யாரென்று சொல்ல முடியவில்லை.