முப்பத்தோராம் கோடு

ஜூன் மாதம். சாரேமா தீவு.
இரவு பதினொன்றுக்கும் வானம் அணையாத நாட்கள்.
ஜூனிப்பர் புதர்களின் ஊடே
வெள்ளை ஃபிளானல் துணியை இழுத்துப் போகிறோம்,
ஒரு முனை என் கையில்
மறுமுனை ஆடோவின் கையில்,
கடலை விட்டுக் கரையில் வலை இழுக்கிறவர்கள் மாதிரி.

இருபது தப்படிக்கு ஒருமுறை நின்று
துணியைப் புரட்டுவோம்.
எள்ளில் பாதியாய்
எட்டுக் காலோடு ஒட்டியிருக்கும் உண்ணி.
இடுக்கியில் எடுத்துக் குப்பியில் போட்டு
"பதினேழு" என்பார் ஆடோ.
வனக்காவலர். எண்ணத்தான் வாய் திறப்பார்.

உண்ணியின் குடலில் குடியிருக்கிறது
சுருள் சுருளாய் ஒரு கிருமி.
பிடிமானத்துக்கு ஒரு சட்டை போட்டிருக்கிறது.
புரதத்தால் நெய்த சட்டை.
எடை முப்பத்தொன்று.
(எந்த அலகில் என்று கேட்காதீர்கள்,
சொன்னால் பள்ளிக்கூடம் ஆகிவிடும்.)

மாதக்கணக்கில் பட்டினி.
புல் நுனியில் முன்னங்கால்களை விரித்து
ஏதோ ஒரு மூச்சு கடந்து போகட்டும் என்று
உண்ணி நிற்கும்.
பிறகொரு நாள்
யாரோ ஒருவரின் முழங்கால் மடிப்பு.
சூடான இரத்தம் இறங்க இறங்க
உள்ளே கிருமி விழிக்கிறது,
பழைய சட்டையைக் கழற்றுகிறது,
நம் உடம்புக்கென்றே தைத்ததை மாட்டுகிறது.
எடை இருபத்துமூன்று.
ஆள் பாதி ஆடை பாதி என்பதெல்லாம்
மனிதர்களுக்கு.
இங்கே ஆடை முக்காலே மூணு வீசம்.

அதனால் எங்கள் தடுப்பூசியின் யோசனை
கொஞ்சம் கோணலானது.
வந்தபின் விரட்டுவதில்லை,
வாசலில் மறிப்பதும் இல்லை.
பழைய சட்டையை அடையாளம் தெரிந்த எதிர்ப்பொருள்கள்
நம் இரத்தத்தில் காத்திருக்கும்.
கடித்தவன் உறிஞ்சும்போது
அவனோடே ஏறிப் போய்
உடை மாற்றும் அறையிலேயே
ஆளைப் பிடித்துவிடும்.
நமக்கான சண்டை
இன்னொரு உயிரின் வயிற்றில் நடந்து முடியும்.
நமக்குச் சத்தம்கூடக் கேட்காது.

தீவில் நானூறு பேர்.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புநீர்.
யாருக்கு எது என்பது
தார்த்து நகரத்தில் ஒரு பூட்டிய அலமாரிக்குத்தான் தெரியும்.
ஏப்ரலில் சட்டைக் கையைச் சுருட்டியபடி
ஆடோ கேட்டார்:
"வலிக்குதே விர்வே, அப்போ மருந்துதானே?"
உப்புநீரும் வலிக்கும், என்றேன்.

ஜனவரியில் அவர் வலது முழங்கால்
முட்டைக்கோஸ் அளவுக்கு வீங்கியது.
குழாயில் குறியெண் மட்டும்தான்: 212.
ஆனால் ஊசி குத்தியது நான்.
அந்த நரம்பு எனக்குத் தெரியும்.

வெள்ளைப் பட்டையைத் தட்டில் நனைத்து
ஆட்டிக்கொண்டிருந்தேன்.
வெளியே பனி.
முதலில் நாற்பத்தொன்றில் ஒரு சாம்பல் கோடு,
பிறகு முப்பத்தொன்பதில்,
பிறகு இருபத்துமூன்றில், கருகருவென்று.
முப்பத்தொன்றின் இடத்தில்
ஒன்றும் வரவில்லை.
இன்னும் பத்து நிமிடம் ஆட்டினேன்.
அத்தனை நேரம் ஆட்டக் கூடாது.
அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது,
ஜூன் மாதத்து ஃபிளானல் துணி போல,
எதுவும் ஒட்டாத பக்கம்.

அலமாரி தார்த்துவில் பூட்டியே கிடக்க
சாவி என் தட்டில் மிதந்தது.

படிவத்தில் 'பாஸிட்டிவ்' என்று எழுதினேன்.
வேறெதற்கும் அதில் கட்டம் இல்லை.

நான்கு வாரம் மாத்திரை.
கடைசி அட்டையை வாங்க வந்தவர்
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
என் முகத்தையே பார்த்தார்.
"கேக்க மாட்டேன்," என்றார்.
"கேட்டா நீ பொய் சொல்லணும்."

மறுபடி ஜூன்.
ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில்,
இந்த முறை கொஞ்சம் மெதுவாக.
இருபது தப்படி. புரட்டல். இடுக்கி.
இருபத்தொன்பது என்றார். முப்பது என்றார்.
"முப்பத்தொன்று."
துணியில் எதையோ தேடுகிறவள் போல
குனிந்துகொண்டேன்.