காரணம் எழுத ஒரு வரி

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட் மைதானம்.
அறுபத்தெட்டாம் நிமிடம்.
இதுவரை நிரப்பிவிட்டேன்.

'குற்றத்துக்கான காரணம்' என்று போட்டு
எதிரே ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள்.

வெயில் என்று எழுதலாம்.
மூன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதலாம்.
என் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டிவிட்டு
நிரேன் மூட்லி சிரித்தான் என்று எழுதலாம்.

யாரோ செல்போனில் எடுத்ததை
ராத்திரி பதினோரு தடவை பார்த்தேன்.
சிரித்தான்தான்.
என்னைப் பார்த்து இல்லை.
கோட்டுக்கு வெளியே
ஆரஞ்சுச் சுளையோடு குதித்துக்கொண்டிருந்த
தன் பையனைப் பார்த்து.

பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து
ஒடிக்கிற சத்தம்.
மூன்று ஹடீடா பறவைகள்
கத்திக்கொண்டே எழுந்து போயின.
எங்கள் பக்கத்தில் கை தட்டினார்கள்.
இதை எங்கே எழுதுவது?
கை தட்டினார்கள்.

பத்து வருஷமாக, விசிலுக்கு முன்னால்
என் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டி
"கடிச்சு ஆடுடா" என்று அனுப்புகிறவர்
கோச் தயாளன் கோவெண்டர்.
அன்றைக்கு அவர்தான் கேட்டார்:
"அடக்கத் தெரியாதா உனக்கு?"

தெரியும்.
வெள்ளிக்கிழமை,
ஜேக்கப்ஸ் செருப்பு ஃபாக்டரியில்,
சூப்பர்வைசர் என் பேனாவையே வாங்கி
ஷிஃப்ட் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு
மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.
நன்றி என்றேன்.
அவ்வளவு நன்றாக அடக்கத் தெரியும்.

அந்த நன்றி
சனிக்கிழமை முழுக்க
உடம்பில் எங்கே தங்கியிருந்தது,
எப்போது வலது காலுக்கு இறங்கியது,
சத்தியமாகத் தெரியாது.
தோள் வலி மாதிரி இருந்தது.
தைலம் தடவிக்கொண்டு தூங்கினேன்.

அதே பேனா.
எழுதுகிறேன்:
பந்து அங்கே இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

வரி முடிந்துவிட்டது.

ஆறு ஆட்டம் தடை.
முதல் ஞாயிறு, கம்பிக்கு வெளியே நிற்கிறேன்.
நிரேன் இல்லாத அவன் அணி
ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றுக்கொண்டிருக்கிறது.
பந்து எகிறி என்னிடம் வந்தது.
அவர்கள் த்ரோ.
ஓடி வந்த பையனுக்கு என்னைத் தெரியும்;
கையை நீட்டாமல் நின்றான்.

மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
ஒன்று, இரண்டு.
மூன்றில் சூப்பர்வைசர் முகம் வந்தது.
நாலு.
பந்தைத் தரையில் வைத்து
மெதுவாக உருட்டிவிட்டேன்.

ஒருவரும் கை தட்டவில்லை.