போன வருஷம் மாற்றியது

நவம்பர், வெர்மான்ட். கொட்டகைக்குள்
கால்மணி நேரம் வண்டியை உறுமவிட்டுச் சூடாக்கினேன்.
குளிர்ந்த எண்ணெய் இறங்காது, அடம்பிடிக்கும்.

மெர்ல் பெல்கியிடம் வாங்கிய குட்டி டிராக்டர்.
"ஹைட்ராலிக் எண்ணெய், ஃபில்டர்,
எல்லாம் போன வருஷம்தான் மாற்றினேன்"
என்றிருந்தான், கண்ணாடியைத் துடைத்தபடி.

அடிபோல்ட்டைத் திருகினேன்.
தேன் நிறத்தில் வர வேண்டியது
பால் தூக்கலான காபியாய்க் கொட்டியது.
எத்தனை மழையைக் குடித்தாய், கழுதை.

தொட்டி இருபது லிட்டர்.
வண்டி இருபத்துமூன்று.
இந்தக் கணக்கை முன்பே போட்டிருக்கலாம்.
மகனின் பனிச்சறுக்குத் தட்டைக் காலால் இழுத்து
உள்ளே தள்ளினேன். மிச்சத்தை அது ஏந்தியது.
(அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.)

ஃபில்டரும் அது உட்கார்ந்த இரும்பும்
ஒரே ஆரஞ்சுப் பெயின்ட்டில் ஒட்டிக் கிடந்தன,
நடுவில் ஒரு கீறல்கூட இல்லாமல்.
தொழிற்சாலையை விட்ட நாள்முதல்
எந்தக் கையும் படாத கன்னி.

ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திருகினேன்.
முழங்கைவரை வழிந்தது.
காந்தத்தில் பூனைமயிர்போல் இரும்புத்தூள்.
புது ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி,
கையால் மட்டும் இறுக்கி,
அளவுகோல் போதும் என்னும்வரை ஊற்றினேன்.

முதல் பனி விழுந்ததும் மெர்ல் ஃபோன் செய்தான்:
என் வாசலையும் கொஞ்சம் தள்ளிவிடேன், ஜெனீவ்.

போனேன். வாளி முனகாமல் எழுந்தது.
வெளியே வந்து நின்றான்.
"சத்தமே காணோமே. என்ன செய்தாய்?"

"நீதான் போன வருஷம் மாற்றினாயே" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினான்.
சட்டைப்பையெல்லாம் துழாவினான், துடைக்க.