ஏற்றமில்லாத வழி

சனிக்கிழமைக்குள் முடிவாக வேண்டும்.
சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துச்
சுருளும் மூலையில் உப்புச்சாடியை வைத்தேன்.
மறுமூலைக்குப் பூனை தானே வந்து உட்கார்ந்தது,
மிகச் சரியாக, தெற்குக் காட்டின் மேல்.

தென் போஹிமியா. பலகைபோல் தட்டை நிலம்.
இங்கே மேடு என்று எதையாவது சொன்னால்
எவனோ எப்போதோ குளம் வெட்டி
அள்ளிப்போட்ட கரையாகத்தான் இருக்கும்.
கரையோடு கரையாகப் போனால் எளிது
என்று ஓரத்தில் எழுதினேன்.
எழுதிவிட்டு
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டகாருக்குப் புது முட்டி. உலோகம்.
ஒன்பது வாரம் ஆகிறது.
போன வருடம்வரை ஏழு பேர் போனால்
ஆறு பேர் பார்த்தது அவன் முதுகை.
இப்போது தொலைபேசியில் சொல்கிறான்:
"எவ்வளவு தூரமானாலும் சரி.
எனக்காக நிற்கிறீர்கள் என்று மட்டும்
தெரியக்கூடாது."

தெரியாமல் நிற்பது எப்படி?
பென்சிலைச் சீவினேன்.

முதல் மதகில் பொஹ்தானாவுக்கு நாரை பார்க்கவேண்டியிருக்கும்.
நாரைக்கும் கொக்குக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது,
சொல்லிவைக்கிறேன்.
நான்காம் கிலோமீட்டரில் என் சங்கிலி கழலும்.
வீத்திடம் அவன் புது சைக்கிளைப் பற்றி,
சரளைக்கென்றே செய்த அந்தச் சாம்பல்நிறச் சட்டகத்தைப் பற்றி
யார் கேட்டாலும் பத்து நிமிடம் ஆகும்;
நிழலாகப் பார்த்துக் கேட்கவேண்டும்.
கடவுள் புண்ணியத்தில் ரயில் கடவையில்
பதினோரு மணிச் சரக்கு வண்டி.
தடுப்பு விழுந்தால்
எப்பேர்ப்பட்டவனும் நின்றுதான் ஆகவேண்டும்.

பைன் மரங்களுக்குள் குறுக்குவழி வேண்டாம்.
அங்கே மணல் முன்சக்கரத்தைத் தின்னும்,
இறங்கித் தள்ளவேண்டும்,
தள்ளினால் முட்டி காட்டிக்கொடுக்கும்.
ஓக் மரக் கரையில் கொட்டைகள் உதிரும் மாதம்,
டயருக்கடியில் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வெடி.
அங்கே மெதுவாகப் போனால் அது பயம், பரிவு அல்ல.
நல்லது. அந்தக் கரையை நீட்டினேன்.

கோடு வளர்ந்தது, ரப்பர் தேய்ந்தது.
மூன்று குளம், ஒரு குட்டை, ஒரு சூப்புக்கடை,
இருபத்திரண்டு கிலோமீட்டர்.
பொய்கள் ஐந்து,
இன்னும் இரண்டு கையிருப்பில்.

வெள்ளி இரவு ஒன்பதரைக்கு அவனே கூப்பிட்டான்.
"மீர்கா, மூன்றாவது குளத்தைச் சுற்றவேண்டாம்.
மீன்பிடிக்குத் தண்ணீர் இறக்கிவிட்டார்கள்.
வெறும் சேறு. நடுவில் ஒரு கால்வாய்,
அதில் கெண்டைகள் முதுகோடு முதுகு நெளிகின்றன.
கரைமேல் லாரிகள்.
வடக்கே புதுச் சரளை கொட்டியிருக்கிறார்கள்,
ஒவ்வொரு கல்லும் உருளைக்கிழங்கு."

உனக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவன் வீட்டுக் கெட்டில் சீறுவது கேட்டது.

"செவ்வாய்க்கிழமை போனேன். நேற்றும்.
தனியாக. பாதியில் உட்கார்ந்துவிட்டேன்,
யார் பார்த்தார்கள்? ஒரு வாத்து பார்த்தது.
தெற்கே காட்டோரம் மண்பாதை இருக்கிறது,
வழவழவென்று, மணலே இல்லை.
உன் இடுப்புக்கு அந்தக் கல் ஆகாது.
நீ சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும்.
எங்கேயாவது நிற்கவேண்டும்போல் இருந்தால்
என் ஹெல்மெட் வார் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்."

பூனையைத் தூக்கினேன்.
அது படுத்திருந்த இடத்தில், தாள் இன்னும் வெதுவெதுப்பாக,
அவன் சொன்ன பாதை.
புள்ளிக்கோடுதான். பெயர்கூட இல்லை.
பென்சிலை அழுத்தி அதன்மேல் ஒருமுறை போய்வந்தேன்.

பொய்களில் ஒன்றையும் அழிக்கவில்லை.
டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று
எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டு
உப்புச்சாடியை அடுப்பருகே திரும்ப வைத்தேன்.
வரைபடம்
தானாகச் சுருண்டுகொண்டது.